விஜிக்கு, அந்த மாடிப்படி வலி பற்றி

அன்புள்ள விஜி,

பேத்தியின் காதுகுத்துப் படங்கள் பார்த்தேன். அரக்குப் பாவாடையில் அப்படியே சின்ன வயசு விஜிதான். இவர் இப்போது காலையில் பிள்ளையார் கோயில்வரை நடந்துவிட்டு வருகிறார்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக, "மாடி ஏறினா நெஞ்சை அமுக்குது, நின்னா போயிடுது, வாய்வுதான்" என்றாயே, அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தை மாதம் இவருக்கும் வாய்வு என்றுதான் நினைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஓமத்தண்ணி கொடுத்தேன். சோடா குடித்தார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று படுக்கச் சொன்னேன். அந்தப் பனியிலும் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்ததைத் தொட்டபோதுதான் திக்கென்றது. 108-க்குப் போன் போட்டபோது மணி பன்னிரண்டு. முதல் ஈசிஜியில் ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் வீட்டுக்கு அனுப்பாமல் அரை மணி கழித்து மறுபடி எடுத்தார், இதயத் தசை அடிபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்தார். அதில்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. அடைத்த ரத்தக்குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். ஆனால் ரத்தம் போகாமல் செத்த தசை செத்ததுதானாம். அந்த இரண்டு மணி நேரம் என் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

நெஞ்சுவலி எல்லாமே இதயம் இல்லை. விரலால் அமுக்கினால் ஒரே இடத்தில் வலிப்பது பெரும்பாலும் விலாவும் சதையும். சாப்பிட்டுப் படுத்ததும் தொண்டைவரை எரிந்தால் அநேகமாக அமிலம். மூச்சை இழுக்கும்போது குத்தினால் நுரையீரலைப் பார்க்கவேண்டும். என் சின்ன மாமியாருக்கு ஒரு பக்கமாக நாலு நாள் எரிந்து, பிறகு அக்கிக் கொப்புளம் கிளம்பியது. ஆனால் ஏறினால் வந்து நின்றால் போகிறது பார், அது இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வருகிற வலி. உனக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், அசதி என்றுகூட வரும்.

உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நின்று சில நிமிஷம் ஆகியும் போகாவிட்டாலோ, வியர்த்தாலோ, கைக்கும் தாடைக்கும் பரவினாலோ உடனே 108-ஐக் கூப்பிடு. தம்பி பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகாதே. வண்டி வர நேரமானாலும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம்தானே. 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்ததிலிருந்து மாரடைப்புக்கு முதலுதவியாக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

பேத்தியை யார் பார்ப்பது என்று தள்ளிப்போடாதே. நாளை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே இதய டாக்டரிடம் போவோம். அதுவரை மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே. பழைய ஈசிஜி, சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வை.

அன்புடன்,
மீனா