இரவு ஷிஃப்ட் அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்குப் பேச்சும் வலது கையும் முடங்கிப்போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆற அமரச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடும்.

முதலில் எல்லோரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரசமும் பருப்புத் துவையலும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்து, டப்பாவைத் திருப்பிக் கேட்காத தோழிகளுக்கு. பனி கொட்டிய காலையில் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்கு ஓடியவர்களுக்கு. இன்சூரன்ஸ் காகிதங்களை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தானே போனில் காத்துக்கிடந்த என் மைத்துனருக்கு. திருச்சியிலிருந்து தினமும் கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்த சித்திக்கு. பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயிலில் அப்பா பேருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கு. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தச் சின்னப் பெண்ணுக்கும். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன்.

இந்த மடலின் மீதி முழுக்க ஒருவருக்கு. அவர் அப்பாவின் வார்டில் இரவு ஷிஃப்டில் உதவியாளராக இருந்த அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு அட்டை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களில் பலருக்கு அது தெரியாது.

நாங்கள் திருச்சியிலிருந்து நியூயார்க்கின் ஃபிளஷிங்குக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. பேஸ்பால் எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஷே ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானம் கிட்டத்தில்தான் இருந்தது. ஆட்டம் இருக்கும் இரவுகளில் விளக்கு வெளிச்சம் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். 1979-இல், அப்பாவோடு அலுவலகத்தில் கணக்குப் பார்த்த ஒருவர் அவருக்கு ஒரு பெட்டி கொடுத்தார். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் அட்டை ஆட்டம். உள்ளே 1978-ஆம் வருட வீரர்களின் அட்டைகள், அணி அணியாக ரப்பர் பேண்ட் போட்டு. கூடவே மூன்று பகடைகள், ஒரு விதிமுறைத் தாள்.

ஆட்டம் சுலபம். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அதில் மூன்று பத்திகள். பேட்டரின் அட்டையில் 1, 2, 3. பந்து வீசும் பிட்சரின் அட்டையில் 4, 5, 6. ஒரு பகடை எந்தப் பத்தி என்று சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை, 2-லிருந்து 12 வரை, எந்த வரி என்று சொல்லும். அந்த வரியில் இருப்பதுதான் நடக்கும்: ஹோம் ரன், வாக், பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆகும் ஸ்டிரைக் அவுட், ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரிடம் தரையோடு போகும் பந்து. அந்த வீரர் அந்த வருடம் நிஜமாகவே எப்படி ஆடினாரோ அதற்கு ஏற்றபடி அட்டையை அமைத்திருப்பார்கள். நிறைய ஆட்டங்கள் உருட்டினால் அவருடைய நிஜமான எண்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

அப்பா அந்த முதல் ராத்திரி ஆடவே இல்லை. ஒரு தாளில் 36 கட்டம் போட்டு, 7 விழ ஆறு வழி, 2 விழ ஒரே வழி என்று எனக்கு எழுதிக் காட்டினார். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பத்தி, பத்திக்கு 36, ஆக ஒரு அட்டைக்கு நூற்றெட்டு வாய்ப்பு. "நூற்றெட்டு" என்று அவர் உரக்கச் சொன்னதும் விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹால் ரிச்மன். எங்கள் பக்கத்து லாங் ஐலண்டுக்காரர். பதினோரு வயதிலேயே இதன் முதல் வடிவத்தை யோசித்தவர். எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கப் பகடையை ஆயிரக்கணக்கில் உருட்டி எழுதி வைத்த பையன். 1961-இல் 80 வீரர்களின் அட்டைகளோடு விற்பனையைத் தொடங்கினார். அப்பாவுக்கு எந்த பேஸ்பால் வீரரையும்விட அந்தப் பையனைத்தான் அதிகம் பிடிக்கும்.

நான் மெட்ஸ், அப்பா யாங்கீஸ்; இரண்டும் நியூயார்க் அணிகள். 1978 மெட்ஸ் என்றால் 66 வெற்றி, 96 தோல்வி. நட்சத்திரப் பிட்சர் டாம் சீவரை முந்தின வருடமே சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே பெரிய பிட்சர் க்ரெய்க் ஸ்வான். பிட்சருக்கு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ரன் கொடுத்த சராசரி குறையக் குறைய நல்லது; அந்த வருடம் மெட்ஸ் ஆடிய நேஷனல் லீகில் மிகக் குறைந்த சராசரி அவருடையதுதான், 2.43. அப்பாவிடம் ரான் கிட்ரி. 25 வெற்றி, மூன்றே தோல்வி, சராசரி 1.74. கிட்ரியின் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் கிடைக்காது. என் பேட்டர் லீ மஸிலி வந்து நிற்பார், பகடை உருளும், மறுபடி ஸ்டிரைக் அவுட்.

அப்பா ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. நான் அழுதிருக்கிறேன். அம்மா சண்டைக்கு வந்திருக்கிறாள், "சின்னப் பொண்ணு, ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டுமே" என்று. "பகடையை நான் என்ன பண்ண முடியும்" என்பார். ஒவ்வொரு ஆட்டத்தையும் பழைய கணக்குப் பேரேடு ஒன்றில் சிவப்பு மையில் எழுதி வைப்பார். நான் ஜெயித்த நாட்களில் பேரேட்டை என்னிடம் கொடுத்து என் கையாலேயே எழுதச் சொல்வார். அந்த எழுத்துக்கு இருந்த மதிப்பு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அவர் சும்மா கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

1981-இல் வீரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஜூன் 12-இல் நின்ற பேஸ்பால் ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது; 713 ஆட்டங்கள் போயின. சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம் நடக்க வேண்டிய கிளீவ்லாண்ட் ஸ்டேடியத்தில், அதே நாளில், இந்த அட்டைகளையும் பகடையையும் வைத்து ஆடினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு அப்பா அடைந்த பெருமையைச் சொல்லி முடியாது, ஏதோ அவரே போய் உருட்டியது மாதிரி. அந்தக் கோடை முழுக்க எங்கள் சமையலறை மேஜையில் ஆட்டம் நடந்தது.

சரி, வார்டுக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பழக்கமான பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அந்தப் பெட்டியைக் கொண்டுபோனேன். அப்பா அட்டைகளைத் தொட்டுப் பார்த்தார், யாங்கீஸ் கட்டை மட்டும் எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். வார்த்தை வரவில்லை, வலது கை கேட்கவில்லை. நான் பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவுக்கு அப்போது ராத்திரியில் தூக்கமே கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பார். ஒரு நாள் காலையில் போனபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள் இருந்தது. ஆஸ்பத்திரித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, ஒன்பது இன்னிங்ஸ், இரண்டு அணி. பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. அவுட் ஆன இடங்களில் மட்டும் புள்ளி, புள்ளியாக. அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: மெட்ஸ் 4, யாங்கீஸ் 2. அங்கிள் கோபமாக இருக்கிறார்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே அழுதேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த அக்கா கயானாவில் பிறந்தவர், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ரோகன் கன்ஹாயின் ஊரான போர்ட் மொரன்ட் பக்கம். இப்போது ரிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார். பேஸ்பால் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே நோட்டில் புள்ளி வைப்பாராம், அதனால்தான் புள்ளி. ராத்திரி அப்பா அட்டைக்கட்டை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து, பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய அந்த விதிமுறைத் தாளைத் தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார். பகடை உருளும் சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிடக் கூடாதே என்று, ஒரு சாப்பாட்டுத் தட்டில் கைத்துண்டை விரித்து, அது நகராமல் நான்கு மூலையிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பை ஒட்டியிருக்கிறார். பகடை கீழே விழாது, சத்தமும் வராது.

ஒரு ராத்திரி நான் அங்கேயே தங்கினேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "வலது கை, அங்கிள்" என்றார். அப்பா இடது கையை நீட்டினால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். மூன்று பகடையையும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கைக்குக் கொண்டுவர அப்பாவுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எனக்குக் கை பரபரத்தது, எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று. அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

எட்டாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் ஒரு ரன் முன்னால். மெட்ஸ் இரண்டு பேரை பேஸில் ஏற்றிவிட்டது. அக்கா பகடையைத் தொடாமல் கேட்டார்: "உங்கள் பிட்சர் இருக்கட்டுமா, மாற்றணுமா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்பா கிட்ரியின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்தார். கட்டுக்குள் தேடி, இரண்டு அட்டைகளைத் தவறவிட்டு, மறுபடி எடுத்து, கடைசி இன்னிங்ஸ்களில் இறங்கும் பிட்சர் ரிச் காஸேஜின் அட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். 1978 யாங்கீஸைத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் அவரைத்தான் அழைத்திருப்பார்கள்.

அன்று பகலில்தான் நாலு படங்களைக் காட்டி, கோப்பை எது என்று கேட்டபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அப்பாவிடம் மெதுவாக, சத்தமாகப் பேசினோம். எது செய்தாலும் "சூப்பர்ப்பா" என்றோம். அன்பினால்தான் செய்தோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அக்கா மட்டும் அவரை ஜெயிக்கப் பார்த்தார். மகா மட்டமான ஓர் அணியை வைத்துக்கொண்டு, பந்தை எப்படி அடிப்பார்கள் என்றே தெரியாமல், என் அப்பாவை ஒரு எதிராளியாக மதித்து உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. அவருக்கு இருந்த கொஞ்ச ஓய்வு நேரத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் விரல்கள் இன்று டம்ளரைப் பிடிக்கின்றன என்றால் அதில் டாக்டர்களுக்குப் பங்கு உண்டு, பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பங்கு உண்டு, கைத்துண்டு விரித்த அந்தத் தட்டுக்கும் உண்டு.

அக்கா, நீங்கள் இதைப் படிக்க முடியாது. என் மகள் உட்கார்ந்து உங்களுக்கு வரிவரியாகச் சொல்வாள். உங்கள் தாள்கள் எல்லாவற்றையும் அப்பாவின் பேரேட்டில், 1979-இல் நான் ஜெயித்த பக்கங்களுக்கு அடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். புள்ளிகளை மாற்றவில்லை.

வார்டுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். உங்கள் வீட்டு பேஸ்மென்டில் பழைய அட்டைகள் யாரிடமாவது கிடந்தால், எந்த வருடமாக இருந்தாலும் சரி, தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள். அக்காவுக்கு 1986 மெட்ஸ் அணியின் அட்டைகளையும் தனியாக வரவழைக்கிறேன். அந்த வருடம் 108 ஆட்டங்களை வென்ற அணி. இவ்வளவு நாள் அந்த 1978 கூட்டத்தோடு போராடியவருக்கு இது நியாயமாகச் சேர வேண்டியது.

ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் ஆட்டம். அக்காவுக்கு அன்று விடுமுறை, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள். காபி உண்டு, அடை அவியல் உண்டு. அப்பாவோடு உட்கார விரும்புகிறவர்கள் உட்காரலாம். பகடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. நானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நன்றியுடன்,
உங்கள் ஃபிளஷிங் தோழி