அங்க ஆள்றது மன்னர் மட்டும் இல்ல சார், பங்காளிங்களும் சேர்ந்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வளைகுடா பத்தின கட்டுரை படிச்சேன். மன்னர் வாயத் திறந்தா அதான் சட்டம்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. குவைத்துல வேலை பாத்துட்டு இப்போ செம்பூர்ல உக்காந்திருக்கேன், இந்தப் பக்கமும் தாராவி பக்கமும் நிறைய வீட்ல யாராவது ஒருத்தர் அங்க இருக்காங்க, அதனாலதான் எழுதுறேன்.

ஆள்றது ஒரு ஆள் இல்ல, ஒரு வம்சம். மேல அண்ணன், டிஃபென்ஸ் ஒரு தம்பிகிட்ட, போலீஸ் இன்னொரு தம்பிகிட்ட, மாகாணத்துக்கு கவர்னரா சித்தப்பா பையன், அப்ப வெளியாளு ஆட்சிய கவுக்கணும்னா மொத்த குடும்பத்தையும் கவுக்கணும், மன்னரே குடும்பத்த பகைச்சுக்கிட்டா அவர் நாற்காலியும் போயிடும். 1964ல சவூதில மன்னர் சவூத எறக்கிட்டு தம்பி ஃபைசல உக்கார வச்சது ஜனங்களா? அண்ணன் தம்பிங்களும் உலமாக்களும்தான், அதாவது மார்க்க அறிஞர்ங்க.

அப்புறம் சம்பந்தி வகையறா. சவூதிய உருவாக்குன மன்னர் அப்துல் அஸீஸ் 1902ல ரியாத்த பிடிச்சு 1932ல ராஜ்யம்னு அறிவிச்சார், நடுவுல சண்டை போட்ட பல கபீலாவுல, அதாவது கோத்திரத்துல, பொண்ணும் எடுத்தார். 1921ல ஹாயில்ல அவர் தோக்கடிச்ச ரஷீத் குடும்பம் ஷம்மர் கோத்திரம், அந்த வீட்டு அமீர், அதாவது ஆட்சித் தலைவர், ஒருத்தரோட விதவையையே கட்டிக்கிட்டார், அந்தம்மா மகன்தான் 2005லேர்ந்து 2015 வரைக்கும் மன்னரா இருந்த அப்துல்லா. தாய்மாமன் கூட்டமும் பெருசு, நேஷனல் கார்டும் பல வருஷமா அவர் கைல, அது கபீலா ஆளுங்கள எடுத்து நடத்துற தனிப்படை, ராணுவமே திரும்பினா தடுக்கறதுக்கு. இன்னொரு பக்கம் சுதைரி அம்மாவுக்குப் பொறந்த ஏழு பேர், ஃபஹத், சுல்தான், நாயிஃப், இப்போ மன்னரா இருக்கிற சல்மான் எல்லாம் அந்த அணி. அப்பா ஒருத்தர்தான், அம்மாவ வச்சு கட்சி பிரியுது, ரெண்டு தாரத்துப் பிள்ளைங்க சொத்து பிரிக்கிறத பாத்தவங்களுக்கு இத வெளக்கவே வேணாம்.

குவைத் கதை வேற. அங்க ஆள்றது சபாஹ் குடும்பம், அமீர் பதவி அந்தக் குடும்பத்துல முபாரக்னு ஒரு பழைய ஆட்சியாளரோட வாரிசுக்குத்தான்னு 1962 அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஆனா பார்லிமென்ட்டும் இருந்துச்சு, 2006 ஜனவரில உடம்பு முடியாத அமீர் சஅத ஓட்டு போட்டு விலக்குனதே அதுதான். பணக்கார வியாபாரிங்களையும் அரபு தேசியம் பேசுறவங்களையும் சமாளிக்க அரசாங்கமே ஒரு காலத்துல பெதூயின், அதாவது பாலைவன நாடோடி கபீலா ஆளுங்களுக்கு குடியுரிமை குடுத்து ஓட்டு சேத்துச்சு. பின்னாடி அவங்க வீட்டுப் பசங்களே படிச்சு மேல வந்து சபாஹ் குடும்பத்து மந்திரிங்கள சபைல நிக்க வச்சு கேள்வி கேட்டாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்ச திருப்பம்! தேர்தலுக்கு முன்னாடியே கபீலாவுக்குள்ள கூடி நம்ம கேண்டிடேட் இவர்தான்னு முடிவு பண்ணிடுவாங்க, 1998ல அத சட்டம் போட்டு தடுத்தாங்க, அப்பவும் நிக்கல.

ஜோர்டான்ல அரச குடும்பமே மக்கா இருக்கிற ஹிஜாஸ் பகுதிலேர்ந்து வந்தவங்க, அதனால உள்ளூர் கோத்திரங்கள ராணுவத்துல எடுத்து சம்பளம் குடுத்து கூட வச்சுக்கிட்டாங்க.

உங்க கட்டுரை சொல்ற ஒத்த ஆள் ஆட்சி இப்ப சமீபத்துலதான் நெருங்கி வருது. சவூதில 2017 ஜூன்ல பெரியப்பா மகன் முஹம்மது பின் நாயிஃப விலக்கிட்டு சல்மானோட மகன் பட்டத்து இளவரசர் ஆனார், நவம்பர்ல அப்துல்லா மகன் மித்அப்கிட்டேர்ந்து நேஷனல் கார்டும் போச்சு, பல இளவரசர்ங்கள ரியாத்ல ஹோட்டல்ல அடைச்சு வச்சாங்க. 2024 மே மாசம் குவைத் அமீரும் நாலு வருஷம் வரைக்கும்னு சொல்லி பார்லிமென்ட்ட நிறுத்திட்டார். பங்காளிங்கள ஓரம் கட்டிட்டு ஒரே கிளை ஆளப்பாக்குது, என் கணக்குல இது பலம் மாதிரி தெரிஞ்சாலும் ரிஸ்க்தான், நாளைக்கு ஒரு தகராறுன்னா சமாதானம் பேச அண்ணன் தம்பி பக்கத்துல இருக்க மாட்டாங்க.

அடுத்த தடவை போடும்போது மன்னர் போட்டோவோட நிறுத்தாம, டிஃபென்ஸும் இன்டீரியரும் குடும்பத்துல எந்தக் கிளை கைல இருக்குனு ஒரு வரி சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை