பெஞ்சுக்குக் கால் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த மூன்று வாரங்களாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நடுவே நீளவாக்கில் பிளந்துபோன ஒரு தூங்குமூஞ்சி மரப் பலகையும், அதன் அடியில், எங்கள் பட்டறையில் செய்து விற்ற, பாதம் துருவேறிய இரும்புக் காலும் அதில் இருக்கின்றன. பழைய இரும்புக் குழாய்க்குக் கறுப்பு வண்ணம் அடித்துப் புதிது என்று விற்கிறோம், அந்தக் கால்தான் பலகையைப் பிளந்தது என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எழுதியவரும் எங்கள் வாடிக்கையாளர்தான். ஆசையாக வாங்கிய பலகை பிளந்தால் யாருக்கும் மனம் பொறுக்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் இத்தனை ஆண்டுகளாக ஒரே வாசலில் தொழில் செய்பவர்கள் என்ற முறையில், பழைய இரும்பு என்ற அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

எங்கள் சட்டகக் கால்களுக்கான சதுரக் குழாயை மண்ணடி இரும்புக் கடைகளில் புதிய முழு நீளமாகவே வாங்குகிறோம். பில்கள் கடையில் இருக்கின்றன, எவர் வந்து கேட்டாலும் காட்டுவோம். பில்லை நம்ப வேண்டாம் என்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பதினாறு அங்குல உயரமுள்ள எங்கள் சட்டகக் கால் ஒன்றுக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய் ஐந்து அடி செலவாகிறது. குழாயின் தகடு இரண்டு மில்லிமீட்டர் கனம் என்றால், அந்த ஐந்து அடி மட்டும் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 1.2 மில்லிமீட்டர் குழாய் என்றால் இரண்டேகால் கிலோவைத் தாண்டாது. காலைப் பலகையோடு பூட்டும் மேல்தகட்டின் எடை தனி. எங்கள் காலைத் தராசில் வைத்துப் பாருங்கள். மளிகைக் கடைத் தராசே போதும். குறைவாக இருந்தால் அந்தக் காலை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்.

அப்படியானால் படத்தில் இருக்கும் துரு எங்கிருந்து வந்தது? காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று. ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. வாசலில் போட்ட பெஞ்சின் பாதத்தில், தினமும் தெளிக்கும் தண்ணீரும் தங்கிவிடும். குழாயின் அடிமுனை திறந்திருந்தாலோ, அங்கிருக்கும் ரப்பர் புஷ் கழன்றிருந்தாலோ ஈரம் உள்ளே ஏறி, உள்ளிருந்தே துரு கிளம்பும். வெளிப்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரே மழைக்காலத்தில் பாதம் பழுத்துவிடும். ஆகவே புதிய இரும்பும் பழைய இரும்பு போலத் தெரிவதற்கு நம் ஊரில் ஆறு மாதமே போதும். வாசலுக்கு என்று கேட்பவர்களுக்கு அடிமுனையைத் தகடு வைத்து அடைத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இரண்டு கை அடித்து, அதன்மேல் வண்ணம் பூசித் தருகிறோம். கூடத்துக்கு என்றால் பவுடர் கோட்டிங் போதும். பெஞ்சை எங்கே போடப்போகிறீர்கள் என்று நாங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பது இதற்காகத்தான், விலையைக் கூட்டுவதற்காக அன்று.

இனி பலகை பிளந்த காரணத்துக்கு வருகிறேன். மரம் அறுத்த பிறகும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். நீளவாக்கில் அது ஏறக்குறைய அசைவதில்லை. அகலவாக்கில்தான் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் விரிந்து, சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கும். பதினைந்து அங்குல அகலப் பலகை நன்கு உலர்ந்ததாக இருந்தாலும், பருவத்துக்குப் பருவம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிக் குறையும். உலராத பலகை என்றால் இன்னும் அதிகம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது ஆசாரிமார்களின் கணக்கு; இரண்டு அங்குலப் பலகைக்கு அது இரண்டு ஆண்டு. காலின் மேல்தகடு பலகையின் அகலத்துக்குக் குறுக்கே படுகிறது. தகட்டின் இரு முனைகளிலும் ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டிவிட்டால், மரம் சுருங்க வழியில்லாமல் தனக்குள்ளேயே இழுபட்டு, இழை எங்கே பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கும். படத்தில் உள்ள பலகை மார்கழியில் பூட்டப்பட்டுச் சித்திரையில் பிளந்திருக்கிறது. காலின் வலிமை குறைவாக இருந்து இது நடக்கவில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. தகட்டின் நடுத்துளையை வட்டமாகவும், ஓரத் துளைகளைத் தகட்டின் நீளவாக்கில் நீண்டும் வைத்து, ஓரத்தில் வாஷர் போட்டு, இறுக்கியபின் சற்றே தளர்த்திவிட்டால், பலகை தன் விருப்பத்துக்கு அசைந்துகொள்ளும். இந்த ஆண்டுப் பொங்கல் வரை நாங்கள் கொடுத்த தகடுகளில் எல்லாத் துளைகளும் வட்டமாக இருந்தன. அந்தக் கால்களைக் கொண்டுவந்தால் ஓரத் துளைகளைக் கட்டணமின்றி நீட்டித் தருகிறோம். ஸ்க்ரூ பலகையின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கினால் போதும், அதற்கு முன் மெல்லிய துளை ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். வேம்பு, கருவேலம் போன்ற கடின மரங்களில் துளை போடாமல் முடுக்கினால் ஸ்க்ரூவின் தலை முறியும், அல்லது மரம் வாய் பிளக்கும்.

கருவேலம், தேக்கு வாங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கறுத்து மையாவதைப் போல, துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் ஈரமும் பூச்சில்லாத இரும்பும் சேர்ந்தால் கருங்கறை படியும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஷீட் ஒன்று வைத்தால் அது வராது.

கால் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விதான் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது. ஐந்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனமுள்ள தூங்குமூஞ்சிப் பலகையும் எங்கள் இரண்டு சட்டகக் கால்களும் சேர்ந்து சுமார் 26 கிலோ இருக்கும். அழகுக்காகக் கால்களை ஓரத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் உள்ளே தள்ளினால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் காலுக்கு வெளியே ஆறு அங்குலம் வரை உட்காரும்போது பெஞ்சு தாங்கும். எட்டு அங்குலம் போனால் மறுமுனை எழும்பிவிடும். மூன்று பேர் உட்கார்ந்திருந்து நடுவிலும் மறுமுனையிலும் இருப்பவர்கள் எழுந்துபோகும்போது, ஓரத்தில் இருப்பவர் தரையில் விழுவது இப்படித்தான். கால்களை எட்டு அங்குலத்தில் வைத்தால் அதே ஆள் நுனியிலேயே உட்கார்ந்தாலும் பெஞ்சு நிற்கும், அதுவும் மயிரிழையில்தான். வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே தள்ள வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். உயரத்தைப் பொறுத்தவரை, பலகையோடு சேர்த்துப் பதினெட்டு அங்குலம் எல்லோருக்கும் பொருந்தும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஓர் அங்குலம் கூட்டலாம்.

கொண்டை ஊசி போலக் கம்பியை வளைத்துச் செய்யும் வளைகம்பிக் கால் கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். பார்ப்பதற்கு அது லேசாக, அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. டீ வைக்கும் குட்டை மேசைக்கு அதைத் தயங்காமல் தருவோம். ஆனால் பத்து மில்லிமீட்டர் இரட்டைக் கம்பியை மூன்று பேர் உட்காரும் பெஞ்சுக்குப் போட்டால், எடையைத் தாங்கினாலும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் நாளடைவில் ஸ்க்ரூவின் துளையைத் தளர்த்திவிடும். பெஞ்சுக்குத்தான் வேண்டும் என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர் மூன்று கம்பிக் காலை எடுத்துக்கொள்ளுங்கள், பலகையும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

எங்களைக் கேட்டால், வீட்டில் தாங்களே செய்யும் பெஞ்சுக்கு மரக்காலுக்கு நிகர் எதுவும் இல்லை என்போம். இரும்புக் கால் விற்பவர்கள் இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம். ஆனால் எங்கள் தொழில் மரவாடியில் தொடங்கியது. ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் இடிபடும் பழைய வீடுகளின் பர்மா தேக்குச் சட்டங்கள் எப்போதாவது எங்களிடம் வரும். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த அந்த மரத்தைப் போலக் காலுக்கு உகந்தது வேறில்லை. பலகையை விடக் கால் அதிகம் உலர்ந்திருக்க வேண்டும் என்பது இதில் முதல் பாடம்: பிறகு பலகை சுருங்கும்போது அது கழுந்தை, அதாவது பலகைத் துளைக்குள் ஏறும் காலின் தலைப்பகுதியை, இன்னும் இறுக்கிப் பிடிக்கும். காலைப் பத்து முதல் பதினைந்து பாகை வரை வெளியே சாய்த்து, ஒன்றரை அங்குலக் கழுந்தைப் பலகையின் மேற்புறம் வரை ஏற்றி, தலையில் ஆப்பு அடிக்கலாம். ஆப்பு பலகையின் இழைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். இழையோடு ஒட்டி அடித்தால் அந்த ஆப்பே பலகையைப் பிளக்கும். சமமில்லாத சிமென்ட் தரைக்கு மூன்று கால் வைப்பது ஆடாமல் நிற்கும் என்றாலும், ஒற்றைக் கால் பக்கம் ஓரமாக உட்கார்ந்தால் கவிழும். எனவே ஒருவர் உட்காரும் முக்காலியோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக்கே வந்து கால் பூட்டித் தந்த எங்கள் மூத்த வெல்டர் உடல்நிலை காரணமாகச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆகவே இனி பூட்டும் வேலை கடையில் மட்டும் நடக்கும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு ஜோடிக்கு 350 ரூபாய் கூடும்.

படம் பரவிய நாளிலிருந்து எத்தனையோ பேர் கடைக்கு வந்து, தங்கள் வீட்டுப் பெஞ்சு உறுதியாக நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் ஊறிய பெஞ்சின் கால்களை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, புஷ்ஷை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். கேட்காமலே மற்றவர்களிடம் அவற்றை எடுத்துக் காட்டவும் செய்தார். இப்படிப்பட்ட உங்கள் அன்புக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். படத்தை வெளியிட்ட வாடிக்கையாளர் மீது எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் பலகையைக் கொண்டுவந்தால், பிளவை ஒட்டி, அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை பதித்து, கால்களை நீள்துளையோடு மாற்றிப் பூட்டித் தரத் தயாராக இருக்கிறோம். அதற்குப் பணம் வேண்டாம்.

கால் வாங்க வருகிறவர்கள் பலகையின் நீளம், அகலம், கனம், மரத்தின் பெயர், எப்போது அறுத்தது, பெஞ்சு நிற்கப்போகும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பலகையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு பிற்பகல் தவிர மற்ற நாட்களில் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு மணி வரை கடை திறந்திருக்கும்.

நன்றியுடன்,
பட்டறை உரிமையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை