பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பித்தளை வெற்றிலைச் செல்லம்: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
பழம்பொருள் விற்பனையாளர்,
முனீஸ்வரன் கோயில் தெரு, காரைக்குடி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணைய விற்பனை நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தளத்தில் நான் விற்ற பழைய பித்தளை வெற்றிலைச் செல்லத்தை (வெற்றிலை பாக்கு வைக்கும் பெட்டியை), 'கறுத்துப்போயிருக்கிறது' என்று காரணம் காட்டி வாங்கியவர் திருப்பி அனுப்பினார். நீங்களும் அவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்து, என் கணக்கில் ரூ.6,500 பிடித்துக்கொண்டீர்கள். என்னிடம் திரும்பி வந்தது நான் அனுப்பிய நிலையில் இல்லை. மெஷினில் கொடுத்து பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரங்களில் வீட்டு முதலெழுத்துகளை வெட்டி வைப்பது வழக்கம். இந்தச் செல்லத்தின் மூடியிலும் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய இரண்டு எழுத்துகள் இருந்தன. பொருளின் மதிப்பே அவற்றிலும், பல ஆண்டுகள் கைபட்டுப் படிந்த பழுப்பு நிறத்திலும்தான் இருந்தது. இப்போது முதல் எழுத்தில் நாலைந்து புள்ளிகளே தெரிகின்றன; இரண்டாவது எழுத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூடியின் விளிம்பு தேய்ந்து மழுங்கிவிட்டது. புதுப் பாத்திரக் கடையில் எடைக்கு நிறுத்துக் கொடுக்கும் பித்தளையைப் போல மஞ்சளாகப் பளபளக்கிறது. இதை இனி எந்தச் சேகரிப்பாளர் வாங்குவார்?

அனுப்பும் முன் எடுத்த படங்களையும் திரும்பி வந்த பிறகு எடுத்த படங்களையும் உங்களுக்கு அனுப்பினேன். 'பொருள் நல்ல நிலையில் திரும்பியுள்ளது, கோரிக்கை முடிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. படங்களைத் திறந்து பார்த்தவர் இப்படி எழுதியிருக்க முடியாது. நிறம் கறுத்திருக்கும் என்று விற்பனைக் குறிப்பிலேயே எழுதியிருந்தேன்; அதையும் ஒருவரும் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுக்கு உட்பட்ட பொருள்களை மட்டுமே நான் விற்கிறேன். அதற்கு மேற்பட்ட தொல்பொருள்களை விற்க, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். இந்தச் செல்லத்துக்கு சுமார் எழுபது வயது என்று நான் தெளிவாகக் குறிப்பிட்டிருக்க, உங்கள் விளம்பரத்தில் 'நூற்றாண்டுப் பழமை' என்று போட்டிருக்கிறீர்கள். அதை உடனே நீக்குங்கள். நாளை விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பிடித்த தொகையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். பழம்பொருள்களைத் திருப்பி வாங்கும்போது, அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்கியவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். செல்போன் உறைக்கும் செருப்புக்கும் வைத்திருக்கும் விதியை இவற்றுக்கும் பொருத்துவது அநியாயம்.

நுகர்வோர் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு விற்பனைக்கும் உங்களுக்குக் கமிஷன் கட்டும் நானும் அதே கெடுவுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். படங்களைப் பார்த்த அலுவலர் ஒருவர் தம் பெயரிட்டு எழுதிய பதிலாக அது இருக்க வேண்டும்.

இணைப்பு: படங்கள், கூரியர் ரசீது, உங்கள் மின்னஞ்சலின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் தளத்தின் விற்பனையாளர்