‘அனுப்புக’ பொத்தான் வேலை செய்யாததற்கு அந்த அம்மா காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புற மக்களுக்குக் கணினி அறிவு போதாததால்தான் இணையவழி விண்ணப்பங்களைத் தவறவிடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அந்த இணையத்தளங்களைச் செய்கிறவர்களில் நானும் ஒருவன். ஹட்டனில் பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஆகவே குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டே பதில் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குச் சாதாரண தரக் கருத்தரங்குப் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாளே பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். அன்றைய பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போனதுதான் மிச்சம். “நாலு வாட்டி அமுக்குனேன் தம்பி, ஒன்னும் ஆகல. டேட்டாவும் முடிஞ்சிருச்சு” என்று போனை நீட்டினார்.

பழைய அன்ட்ரொய்ட் 5 போன். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பாவித்துக் கழித்தது. குரோம் பிரவுசரைப் புதுப்பிக்கலாம் என்றால் உள்ளே இடமில்லை. முழுக்கக் கல்யாண வீட்டுப் படங்களும் மாரியம்மன் திருவிழா வீடியோக்களும். அவற்றை அழியுங்கள் என்று சொல்ல நான் யார்?

என் பக்கத்தில் நான் எழுதியது பாதிகூட இல்லை. ‘நான் ரோபோ அல்ல’ பெட்டி ஒரு நிறுவனத்தினுடையது. வரைபடம் இன்னொன்றினுடையது, மூலையில் துள்ளும் அரட்டைப் பெட்டி வேறொன்றினுடையது. படிவமே நாலாவது ஆளிடம் வாங்கிய இரவல். அந்தப் படிவத்தின் நிரலில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறி இருந்தது. குரோம் அதைப் படிக்கக் கற்றதே 2020இல் வந்த 80ஆவது பதிப்பில்தான். அதற்கு முந்திய பிரவுசர், தெரியாத குறி வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. கோப்பு முழுவதையுமே தள்ளிவிடும். பொத்தான் கண்ணுக்குத் தெரியும், உயிர் இருக்காது. பிழைச் செய்தியும் வராது. தன் விரலில்தான் கோளாறு என்று அந்த அம்மா நினைத்திருந்தார். நான் சோதித்துப் பார்த்ததோ என் புதுப் போனில். படிவக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். ‘பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்’ என்று ஒற்றை வரியில் பதில்.

புதுப்பிக்கவே முடியாதவற்றை என்ன செய்வது? எங்கள் டவுன் கொமியுனிகேஷன் கடையில் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பும் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. மைக்ரோசொப்ட் அதை 2020 ஜனவரியில் கைகழுவிவிட்டது. குரோமும் அதில் 109ஆவது பதிப்போடு நின்றுவிட்டது. இதற்கு நேர்மாறாக, ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்ப்பது நன்று’ என்று அடியில் போட்டிருக்கும் ஓர் அலுவலகத் தளத்தையும் இந்த வருடம் பார்த்தேன். அந்தப் பிரவுசர் 2022 ஜூன் 15ஆம் திகதியே ஓய்வுபெற்றாயிற்று!

பழைய பிரவுசருக்குக் கைகொடுக்கவென்றே ஓர் இரவல் நிரல் இருந்தது, பொலிஃபில் டொட் ஐஓ என்று. நானும் இரண்டு தளங்களில், அந்த நிரலை அவர்களிடமிருந்து இழுத்துவரும் ஒற்றை வரியைச் சேர்த்திருந்தேன். 2024 தொடக்கத்தில் அந்த இணையப் பெயர் வேறொருவர் கைக்கு மாறியது. ஜூனில் பார்த்தால் அதே நிரல் கைத்தொலைபேசியில் வருகிறவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. உலகெங்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த வரி இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி எறிந்தேன்.

இணையத்தளம் செய்யக் காசு கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசித் தவணையைத் தருமுன் எங்களை ஒரு கொமியுனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போய், அந்தக் கணினியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கடுதாசிப் படிவத்தை நிறுத்த வேண்டாம்.

அந்த அம்மாவின் மகள் பெயரை அன்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். பிறகு நாலு இரவலையும் கழற்றிவிட்டு, எந்த நிரலும் இல்லாமல் பிரவுசரே அனுப்பிவிடும் சாதாரண படிவமாகத் திருப்பி எழுதினேன். இப்போது கல்வி நிலைய சேர், பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது, அரட்டைப் பெட்டியைத் திரும்பப் போடுங்கள் என்கிறார். பக்கத்து நிலையத்தில் இருக்கிறதாம். நீங்கள் இதைப் பிரசுரித்தால் வெட்டி அவர் மேசையில் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
இணையத்தள வடிவமைப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.