இருநூற்றைம்பது பவுண் காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன்

எங்கள் வீட்டுக் கொள்வனவைக் கையாண்ட சொலிசிட்டர் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்திருக்கும். தமிழில் எழுதுவது உங்களுக்காக அல்ல. வீட்டுக் கோப்பை ஒரு சொலிசிட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, இனி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருக்கும் நம் குடும்பங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. நானும் அப்படி இருந்தவள்தான். அவர்களும் இதை வாசிக்கட்டும். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. கோப்பைத் திறந்தால் உங்களுக்கே தெரியும்.

வீடு வாங்கி மூன்றாவது இலையுதிர் காலம். காலை எட்டு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலியைப் பின்வாசலால் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒழுங்கையின் வாயில் புத்தம் புதிய இரும்புப் படலை. அதில் மஞ்சள் நிறப் பூட்டு. பிளாஸ்டிக் உறை போட்ட தாளொன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்: 'தனியார் நிலம், வழி இல்லை.' கார் கராஜுக்குள், நாங்கள் படலைக்கு உள்ளே. அப்பா அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நாங்கள் இந்த வழியையும் சேர்த்துத்தானே வாங்கினோம்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முன்வாசலில் ஐந்து படிகள். பக்கத்துச் சுவரோடு ஒட்டிய வீடு என்பதால் சாய்தளம் கட்ட இடமில்லை. இந்த வீட்டைத் தேர்ந்ததே பின்னாலிருக்கும் சமதளமான ஒழுங்கைக்காகத்தான். உங்களுக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலின் மூன்றாவது வரி இது: 'தந்தையார் சக்கர நாற்காலியில் இருப்பதால் பின்பக்க வழியும் கராஜும் எங்களுக்கு மிக முக்கியம், தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.' 'நன்றி, குறித்துக்கொண்டோம்' என்று மறுநாளே பதில் வந்தது.

பூட்டு விழுந்த பிறகு உங்களிடம் கேட்டு வாங்கிய கோப்பின் முழுப் பிரதியை ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து வாசித்தேன். காணிப் பதிவகத்தின் வரைபடத்தில் எங்கள் காணியின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு கராஜின் கதவோடு நின்றுவிடுகிறது. ஒழுங்கை கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. பதிவேட்டில் வழியுரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைவிட மோசமானது விற்பவர் நிரப்பித் தந்த சொத்து விபரப் படிவம். அதில் அவர் தம் கைப்பட எழுதியிருக்கிறார்: 'பின் ஒழுங்கையை அதன் உரிமையாளரின் அனுமதியுடன் பயன்படுத்துகிறோம்.' விற்றவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த உண்மை உங்கள் மேசை வரை வந்து, அங்கேயே படுத்துவிட்டது. எனக்கு நீங்கள் அனுப்பிய பதினொரு பக்க அறிக்கையில் வடிகால் இருக்கிறது, நிலக்கரிச் சுரங்கத் தேடல் இருக்கிறது, வெள்ள அபாயம் இருக்கிறது. ஒழுங்கை இல்லை.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் நான்கு எல்லையும் எழுதி, கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் மறக்காமல் எழுதுவார்கள். காணி எங்கே முடிகிறது, அதற்குள் எப்படிப் போவது என்பதுதான் முதற் கேள்வி என்று அந்தப் பழைய நொத்தாரிசுகளுக்குத் தெரிந்திருந்தது.

என் முறைப்பாட்டுக்கு ஏழாவது வாரம் உங்கள் பதில் வந்தது. நீங்கள் வீட்டை நேரில் பார்வையிடுவதில்லை என்கிறீர்கள். பார்வையிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கையிலிருந்த தாளை வாசித்தால் போதுமாக இருந்தது. அடுத்ததாக, முன்னைய உரிமையாளர் நீண்ட காலம் அந்த வழியைப் பயன்படுத்தியதால் எங்களுக்கு வழியுரிமை ஏற்பட்டிருக்கலாம் என்கிறீர்கள். இதைச் சட்டம் படித்த ஒருவர் எழுதியிருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 20 ஆண்டுப் பாவனையால் உரிமை பிறக்க வேண்டுமானால் அந்தப் பாவனை பலாத்காரமின்றி, ஒளிவுமறைவின்றி, அனுமதி பெறாமல் நடந்திருக்க வேண்டும். கேட்காமல் நடந்தவனுக்கு உரிமை, மரியாதையாகக் கேட்டு நடந்தவனுக்குப் பூட்டு! விசித்திரமான சட்டம்தான், ஆனால் அதுதான் சட்டம். 'அனுமதியுடன்' என்ற அந்த ஒரு சொல் எங்கள் வாதத்தை முடித்துவிடுகிறது. அந்தச் சொல்லை வாங்குவதற்கு முன்பே வாசித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

கடைசிப் பந்தியில் வருத்தம் தெரிவித்து, 'நல்லெண்ண அடிப்படையில்' 250 பவுண் காசோலை இணைத்திருந்தீர்கள். அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. கணக்கே இல்லாத தொகைக்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

என்னிடம் கணக்கு இருக்கிறது. சொலிசிட்டர் சொல்லத் தவறியதால் ஒருவர் அதிக விலை கொடுத்து வீடு வாங்கினால், வழக்கமான அளவுகோல் இதுதான்: வாங்கிய நாளில் கொடுத்த விலைக்கும், அந்தக் குறையோடு அன்று வீட்டின் உண்மைப் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம். பட்டயம் பெற்ற சேர்வேயர் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டோம். வழியோடு சேர்த்து நாங்கள் கொடுத்தது 365,000 பவுண். வழியில்லாமல், காரே நுழைய முடியாத கராஜோடு, அன்றைய பெறுமதி 343,000. வித்தியாசம் 22,000. ஒழுங்கையின் புதிய உரிமையாளரிடமும் பேசிப் பார்த்தோம். வழியுரிமையை எழுதித்தர 30,000 பவுணும் தம் சட்டச் செலவும் கேட்கிறார். நான் இரண்டையும் கூட்டி உங்களிடம் நீட்டவில்லை. குறைந்த தொகையையே கேட்கிறேன்.

கேட்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போட்ட சமையலறைச் செலவைக் கேட்கவில்லை. அந்தச் செலவு உங்கள் தவறால் வந்ததல்ல. பூட்டைப் பார்த்த அன்று நான் எடுத்த விடுப்புக்கும், தூங்காத இரவுகளுக்கும் மணிக்கணக்குப் போடவில்லை. பழிவாங்குவது நோக்கமென்றால் பட்டியல் நீளமாக இருந்திருக்கும்.

ஆனால் மனவுளைச்சல் என்பதை முழுதாக விட்டுவிடவும் முடியாது. இது வியாபாரத் தகராறு அல்லவே. ஃபார்லி எதிர் ஸ்கின்னர் வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்விக் விமான நிலையத்துக்கு அருகே வீடு வாங்க இருந்த ஒருவர், விமானச் சத்தம் தொல்லையாக இருக்குமா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லிச் சேர்வேயரிடம் கேட்டார். சேர்வேயர் கோட்டைவிட்டார். வீட்டின் விலையில் நட்டமே இல்லாதபோதும், 2001இல், அன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, வீடு வாங்கியவருக்கு 10,000 பவுண் இழப்பீட்டை உறுதிசெய்தது. அது மிக உயர்ந்த தொகை என்று நீதிபதிகளே சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் அவ்வளவு கேட்கவில்லை. குறிப்பாகக் கேட்டதைப் பார்க்காமல் விட்டால் அதற்கொரு விலை உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கி ஐந்து படி இறக்க வேண்டியிருக்கும் ஒவ்வொரு வாரத்துக்குமாகச் சேர்த்து 3,000 பவுண் கேட்கிறேன். அதோடு உங்கள் கட்டணம் 1,450, சேர்வேயரின் அறிக்கைக்கு நாங்கள் கட்டிய 900. மொத்தம் 27,350 பவுண்.

இந்தப் பணம் உங்கள் சட்டைப்பையிலிருந்து வரப்போவதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் நிறுவனங்கள் கட்டாயமாகத் தொழிற் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 20 இலட்சம் பவுண், நிறுவனத்தின் அமைப்பைப் பொறுத்து 30 இலட்சம். இப்படியான நாட்களுக்காகத்தான் அது. ஆகவே உங்கள் காப்புறுதியாளருக்கு இதை அறிவியுங்கள். தவறை ஒப்புக்கொள்ளாதே என்று அவர்கள் சொல்லியிருக்கலாம், அது புரிகிறது. ஆனால் உங்கள் நடத்தைக் கோவையோ, தவறு நேர்ந்தால் வாடிக்கையாளரிடம் வெளிப்படையாக இருந்து, என்ன நடந்தது, அதன் விளைவு என்ன என்பதைத் தாமதமின்றி விளக்கச் சொல்கிறது. உங்கள் மூன்று கடிதங்களிலும் அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நட்டத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது.

அடுத்த வழிகளையும் விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் இறுதிப் பதிலிலிருந்து ஆறு மாதத்துக்குள் சட்டத் தொழிலர் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் நான் போகலாம். எனக்கு அது இலவசம், 50,000 பவுண் வரை கொடுக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அவர்களின் இறுதி முடிவை நான் ஏற்றுக்கொண்டால் அது உங்களையும் கட்டுப்படுத்தும், அதன்பின் இதே விடயத்துக்கு நான் நீதிமன்றம் போக முடியாது. அதனால் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திட மாட்டேன். நீதிமன்றத்துக்கான ஆறு ஆண்டுக் காலவரையறையும் இன்னும் முடியவில்லை.

இந்த மடலை முறையான கோரிக்கைக் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததென்று 21 நாட்களுக்குள் ஒரு வரி, அதன்பின் மூன்று மாதத்துக்குள் காரணங்களோடு பதில்: தொழிற் கவனயீனக் கோரிக்கைகளுக்கென வகுத்த நடைமுறை அதுதான். பதில் எழுதுபவர் அந்தப் படிவத்தை ஒரு தரம் வாசித்துவிட்டு எழுதட்டும். பிரதியை இணைத்திருக்கிறேன். 'அனுமதியுடன்' என்ற சொல்லுக்குக் கீழே கோடிட்டிருக்கிறேன். உங்கள் 250 பவுண் காசோலையும் அதே உறைக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்து படி வீட்டிலிருந்து ஒரு மகள்