ஒயின் குறிப்பு எழுதுபவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. குறிப்பு போடும்போது முதல் வரியிலேயே தயாரிப்பாளர், திராட்சை வகை, பகுதி, அறுவடை ஆண்டு நான்கையும் எழுதிவிடுங்கள். ஒரே தோட்டத்தின் 2015-உம் 2017-உம் ஒன்றுபோல இருக்காது. (பல ஷாம்பெயின்களில் ஆண்டே இருக்காது, "ஆண்டு இல்லை" என்று போட்டால் சரி.) குடித்த தேதியும் வேண்டும், பாட்டிலுக்குள்ளும் ஒயின் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம், "அருமை" என்று மட்டும் எழுதாதீர்கள். புளிப்பு எப்படி, நாக்கை இழுக்கும் துவர்ப்பு உண்டா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நின்றது, இவற்றைச் சொல்லுங்கள். மதிப்பெண் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. லேபிள் படம் மட்டும் அனுப்புபவர்கள் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள், பிறகு தேடினால் கிடைக்கும்.